நாற்காலிக்குப் போர்த்திய பொன்னாடை

பெனியேல்விளைக் கோயிலுக்கு நூத்தி எழுபத்தஞ்சு வயசான வருஷம், செத்துப்போய் நூத்தம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆன நாப்பத்தியோரு பேர் ஒரு திங்கக்கிழமை காலையில பத்தரை மணிக்குக் கோயில் பெஞ்சுல இருந்துக்கிட்டுக் குடிக்கத் தண்ணி கேட்டாங்க, அவங்களோட சேத்து உயிருள்ள ஒரு மனுஷியையும் உள்ள வச்சு வெளிய இருந்து தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். இதை முதல்லயே சொல்லிருதேன். பின்னால சொன்னா, இவன் இம்புட்டு நேரம் ஒளிச்சு வச்சிருந்தானேன்னு காறித் துப்புவீங்க. ஏற்கெனவே ஒரு ஊரே துப்பியாச்சு, இனி துப்ப என் மேல இடமில்ல.

என் பேரு கிங்ஸ்லி. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்தாப்புல ஸ்டூடியோ வச்சிருக்கேன். இந்த ஊர்ல மாப்பிள்ளையா இருந்தவன் மூஞ்சியும் பிணமாக் கிடந்தவன் மூஞ்சியும் என் கேமராவுக்குத் தப்புனது கிடையாது. அதனால பிரதிஷ்டைப் பண்டிகைக்கு விழா மலர் போடணும்னு கோயில் கமிட்டி முடிவு பண்ணவும், பழைய பதிவேடுகளையெல்லாம் படமெடுத்துத் தரச்சொல்லி செயலாளர் சத்தியநேசன் அண்ணாச்சி என்கிட்டதான் வந்தாங்க.

அந்தப் பதிவேடுகள் இருந்தது ஞானசிரோன்மணி அக்கா கையில. யாரும் கொடுத்த வேலை இல்ல. அவங்க அப்பாவை அடக்கம் பண்ணுன அன்னைக்கு இரும்புப்பெட்டிச் சாவி அக்கா முந்தானையில ஏறுனது, இருபத்தேழு வருஷமா இறங்கல. தபால் ஆபீஸ்ல வேலை முடிஞ்சதும் நேரா கோயிலுக்கு வருவாங்க, பலிபீடத்துக்குப் பக்கத்து அறையில உக்காந்து பூச்சி அரிக்காம இருக்க வசம்பைத் தட்டித் துணியில முடிஞ்சு ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடியில வைப்பாங்க, சித்திரை வெயில் வந்தா ஒவ்வொண்ணா வெளிய எடுத்து விரிச்சு வச்சுக்கிட்டுக் காவலுக்கு இருப்பாங்க. மலேசியாவுல இருந்து ஒருத்தன் வந்து எங்க பாட்டன் பேரே தெரியலன்னு நின்னா, ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டி, பாட்டனை மட்டுமில்ல, பாட்டனைத் தொட்டில்ல போட்டு ஆட்டுன அத்தை வரைக்கும் சொல்லி அனுப்புவாங்க. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல, அவங்களுக்காகச் சண்டை போட அண்ணன் தம்பியும் இல்ல. செல்போன் கூடக் கிடையாது; தபால்காரிக்கு எதுக்குய்யா போனுன்னு கேப்பாங்க.

புத்தகம் வைக்க ஒரு ஸ்டீல் பீரோ வேணும்னு பத்து வருஷமாக் கேட்டாங்க. கமிட்டி சவுண்ட் பாக்ஸ் வாங்குச்சு, கோபுரத்துக்கு சீரியல் பல்பு வாங்குச்சு, பீரோ மட்டும் வாங்கல. அப்படி இருக்கையில, திருச்சபை வரலாற்றைப் பாதுகாக்குறவங்களை ஒவ்வொரு சபையும் கனம் பண்ணணும்னு மேலிடத்துல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. கமிட்டியில எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. “அட, நம்ம சிரோன்மணி இருக்காள்லா!”ன்னு அண்ணாச்சி தொடையில தட்டுனாங்க. ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், மலர்ல அரைப்பக்கம்னு தீர்மானம் போட்டாங்க.

பண்டிகைக்கு ஏழு நாள் இருக்கையில, பண்டிகை முடியுற வரைக்கும்னு அக்கா தபால் ஆபீஸ்ல லீவு போட்ட அந்தத் திங்கக்கிழமை, வெளிச்சம் நல்லா விழும்னு பலிபீடத்துக்கு முன்னால மேசை போட்டு, அக்கா ஒரு மரஸ்கேலால பக்கத்தைப் புரட்டப் புரட்ட நான் படம் எடுத்துக்கிட்டே வந்தேன். மூணாவது அடக்கப் புத்தகம் வந்துச்சு. அதுல நடுவுல ரெண்டு தாளை முகத்துக்கு முகம் வச்சு மூணு பக்கமும் நூலால தச்சிருந்துச்சு.

“தம்பி, இதை மட்டும் விட்டுருங்க”ன்னாங்க அக்கா. “எங்க அப்பா பிரிக்கல, அவங்களுக்கு முன்னால வச்சிருந்த உபதேசியாரும் பிரிக்கல.”

“உள்ள என்னக்கா இருக்கு?”

“யாருக்குத் தெரியும்? கிழிச்சுப் போட மனசு வரல, அடுத்தவன் பாக்கவும் மனசு வரல. அப்படி ஒருத்தர் தச்சது. நம்ம பாட்டுக்கு இருப்போம்.”

அடுத்த புத்தகத்தை எடுக்க அக்கா அறைக்குள்ள போனாங்க. என் பையில பிளேடு இருந்துச்சு. மலர்ல இதுவரைக்கும் யாரும் பாக்காதது ஒண்ணு வேணும்னு அண்ணாச்சி சொல்லியிருந்தாங்க, எனக்கும் கை சும்மா இருக்கல. சனியன் பிடிச்ச கை. பதினாலு தையல், பதினாலையும் அறுத்துட்டேன்.

அக்கா திரும்பி வந்து பாத்தாங்க. திட்டியிருந்தாத் தேவலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து கண்ணாடியை மாட்டுனாங்க. “பிரிச்சாச்சு. இனி வாசிக்காம மூடுனா அது வேற பாவம்”னு சொல்லிட்டு, சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாங்க.

“இந்த ஊரில் வாந்திபேதி கண்டபடியினாலே, வியாதிக்காரர் நாற்பத்தொரு பேரையும் ஆலயத்தில் சேர்த்து, மற்றவர்கள் பிழைக்கும்படி கதவைப் பூட்டினோம். தண்ணீர் கேட்டார்கள். எட்டாம் நாள் திறந்தோம்.” அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. அதுக்குக் கீழ வரிசையாப் பேரு, வயசு, உறவு.

முதல் பேரை வாசிச்சாங்க. முன் பெஞ்சுல ஒரு பெரியவர் இருந்தார். வந்தார்னு சொல்ல முடியாது, இருந்தார். ரெண்டாவது பேரு, அவர் பக்கத்துல ஒரு அம்மா. மூணாவது, நாலாவது. அக்கா தலையைத் தூக்கல, வாசிச்சுக்கிட்டே போறாங்க, பெஞ்சு நிறைஞ்சுக்கிட்டே வருது, எல்லாருக்கும் கண்ணு குழிக்குள்ள போயிருக்கு, நாள் பூரா துணி துவைச்ச கை மாதிரி விரலெல்லாம் சுருங்கியிருக்கு, கட்டியிருக்க துணி ஈரமா இருக்கு, உதடு மட்டும் காஞ்சு வெடிச்சிருக்கு. ஒரு கட்டத்துல எல்லாரும் மெதுவா என் பக்கம் திரும்புனாங்க. “எய்யா, ஒரு வாய்த் தண்ணி”ன்னாங்க. மிரட்டல, கத்தல, பக்கத்து வீட்டுல வந்து உறை மோர் கேக்குற மாதிரி கேட்டாங்க. அதுலதான் எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். எங்க கோயிலுக்கு ஒரே வாசல். வெளிய வந்து ரெண்டு கதவையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

உள்ளேயிருந்து அக்கா, “தம்பி, காத்துல கதவு சாத்திக்கிட்டு போலுக்கே, கொஞ்சம் திறங்க”ன்னாங்க. நான் திறக்கல.

வராந்தாவைப் பெருக்கிக்கிட்டு இருந்த கோயில்பிள்ளை யோபுவும் வாசல் வழியா உள்ள இருந்தவங்களைப் பாத்துட்டு, நான் வெளிய வர்றதுக்கு முன்னாலயே ஓடியிருக்கான். மணியடிக்கிறதும் கதவு திறக்கிறதும் அவன் வேலை. அவன் ஊருக்குள்ள ஓடிச் சொல்ல, அரைமணி நேரத்துல நூறு பேர் கூடிட்டாங்க, உள்ளேயிருந்து வர்ற சத்தத்தைக் கேட்டாங்க, அண்ணாச்சி மூஞ்சியில ரத்தமே இல்ல. “முதல்ல பூட்டைப் போடுவே யோபு”ன்னாங்க. அவனும் போட்டான். கதவு எப்பிடிச் சாத்துச்சுன்னு யாரோ கேட்டாங்க. காத்துல சாத்திக்கிட்டுன்னு நான் சொன்னேன். அன்னைக்கு ஒரு இலை ஆடல.

பூட்டு விழுந்த சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். அப்புறம், “திறக்க மாட்டியளா?”ன்னு ஒரு தடவை கேட்டாங்க. நூறு பேரும் தரையைப் பாத்தோம். “சரி. அப்போ தண்ணியாவது தாங்க”ன்னாங்க.

ஜன்னலெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல, கம்பி போட்டது. செடிக்குத் தண்ணி விடுற ஓஸ் குழாயை மூங்கில்ல கட்டி, வாயில துணியைக் கட்டிக்கிட்டு, யோபு தூரத்துல நின்னு ஜன்னல் வழியா உள்ள நுழைச்சான். மோட்டாரைப் போட்டோம். உள்ள தண்ணி விழுற சத்தமும், அதுக்கு மேல நாப்பது தொண்டை ஒண்ணா முனங்குற சத்தமும் கேட்டுச்சு. பொம்பளைங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டாங்க.

நாங்க ஐயர்னு சொல்றது சேகரத்துப் போதகரை. பதினோரு ஊருக்கு அவர் ஒருத்தர்தான். மறுநாள் வந்தார், படிக்கட்டுக்குக் கீழ நின்னு ஜெபம் பண்ணினார், ஒரு பாட்டை எடுத்தார். ரெண்டாவது அடியில உள்ளேயிருந்து அவங்களும் சேந்துக்கிட்டாங்க, பழைய ராகத்துல, எங்களை விட மெதுவா, எங்களை விட நல்லா. ஐயருக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. பிரஷர் மாத்திரை வீட்டுல இருக்குன்னு போனவர், பண்டிகை அன்னைக்குத்தான் திரும்பி வந்தார். சுகாதார ஆய்வாளர் ஒருத்தர் வந்தார், காது கொடுத்துக் கேட்டார், நோட்டுல குடிநீர்ப் பிரச்சனைன்னு எழுதிக்கிட்டு ஜீப்ல ஏறிட்டார்.

ஊர் இருக்கே, அது எதையும் செரிச்சிரும். மூணாம் நாள் ஆகையில பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேற பாதை ஏற்பாடாகிப்போச்சு. மீன்காரர் கோயில் தெருவுக்கு வராம முக்குல நின்னே குரல் கொடுத்தார். ஜன்னல் வழியா பன்னும் வாழைப்பழமும் எறிய ஒரு முறை போட்டோம், இன்னைக்கு மேலத்தெரு, நாளைக்குக் கீழத்தெருன்னு. கொரோனாவுல மிஞ்சுன மாஸ்க்கையெல்லாம் எல்லாரும் தேடி எடுத்து மாட்டிக்கிட்டாங்க. பயம் போகல, ஆனா பயத்தோடயே பல் தேய்க்கவும் மாவாட்டவும் பழகிட்டோம். கதவைத் திறக்கணும்னு மட்டும் யாரும் பேசல. பேதி வெளிய வந்துரும்லா.

மூணாம் நாள் மத்தியானம் அக்கா கூப்பிட ஆரம்பிச்சாங்க. தண்ணி குடிச்சும் அந்தச் செத்தவங்களுக்குத் தாகம் அடங்கல போல. அக்கா ஒவ்வொருத்தரையா விசாரிச்சு, எந்த வீட்டுப் பிள்ளைன்னு மனசுக்குள்ளேயே புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிச்சு, ஜன்னல் வழியாச் சொன்னாங்க. “டீக்கடை அருமைநாயகம்! உங்க தாத்தாவுக்கு அப்பாவோட கூடப் பிறந்த தங்கச்சி இங்க இருக்கா. எஸ்தர்னு பேரு, ஏழு வயசு. யாரு குடுத்தாலும் தாகம் தீரலங்கா. வீட்டாளு கையால வேணுமாம்.”

அருமைநாயகம் ஒரு நாள் பூரா கடைக்குள்ள இருந்து நடுங்குனார். மறுநாள் வந்து, கண்ணை மூடிக்கிட்டு, ஓஸைக் கையில பிடிச்சார். “யம்மா எஸ்தரு, குடிம்மா”ன்னார். உள்ள ஒரு சின்னப் பிள்ளை மடக்மடக்குன்னு குடிக்கிற சத்தம். “போதும்”னு ஒரு குரல். அதுக்கப்புறம் அந்தக் குரல் கேக்கல. அருமைநாயகம் மண்ணுல உக்காந்து, செத்து நூத்தம்பது வருஷமான பிள்ளைக்காக நேத்துச் செத்த மாதிரி அழுதார்.

அப்படி ஒவ்வொரு வீடா வந்துச்சு. பேரைக் கேட்டதும் பங்காளி தலையில கட்டிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறுனவங்களும் உண்டு, ராத்திரியோட ராத்திரியா அழுது விடிஞ்சதும் வந்தவங்களும் உண்டு. சத்தியநேசன் அண்ணாச்சி வீட்டைச் சொன்னப்போ, “எங்க குடும்பத்துல அப்பிடி யாரும் கிடையாது”ன்னு நெஞ்சை நிமித்துனாங்க. அக்கா உள்ளேயிருந்து நாலு தலைமுறையை ஞானஸ்நானத் தேதியோட ஒப்பிச்சாங்க. அண்ணாச்சி வந்தாங்கதான், ஆனா ஓஸைப் பிடிக்காம ஒத்த விரலை மட்டும் அது மேல வச்சுக்கிட்டு யோபுவைப் பிடிக்கச் சொன்னாங்க.

இதையெல்லாம் தூர நின்னு பாத்துட்டு வந்து, நான் ஸ்டூடியோக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தேன். என் பொஞ்சாதி புளோரா வெளியூர்க்காரி. வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவுக்குச் சோத்தைக் கொண்டுவந்து வச்சுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா.

“ஏங்க, உங்க ஊர்க்காரங்க எதுக்குத்தான் பயப்படுதிய? உள்ள இருக்கவங்க செத்தவங்கன்னா, அந்தக் கூட்டத்துல உயிரோட ஒரு பொம்பளை கிடக்காளே, அவ செத்துருவான்னு ஒருத்தருக்கும் பயமில்லையா?”

“கமிட்டி முடிவு பண்ணும் புளோரா.”

“தாழ்ப்பாளைக் கமிட்டியா போட்டுச்சு?”

நான் அவகிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் நாலு தடவை கை கழுவுனதை அவ பாத்திருக்கா. “போய்த் திறங்க”ன்னா. நான் திறக்கப் போகல. நாளைக்குப் போவேன்னு சொன்னேன்.

சனிக்கிழமை நானே ஓரளவு தைரியம் வந்து கமிட்டிக்குப் போய், திறந்துருவோமே அண்ணாச்சின்னேன். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, “கிங்ஸ்லி, ஆறு நாள் ஆச்சு. அவா அவங்களோட தின்னு, குடிச்சு, படுத்து எந்திச்சாச்சு. இப்போ திறந்தா வெளிய வாறது சிரோன்மணிதானான்னு நீ எப்பிடிச் சொல்லுவ?”ன்னாங்க. சுத்தி இருந்த பத்துப் பேரும் ஆமான்னு தலையாட்டுனாங்க. உண்மையச் சொல்லுதேன், எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. வாய மூடிக்கிட்டு வந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஓஸை எடுத்துட்டாங்க. வேற ஒண்ணுமில்ல, பண்டிகை அன்னைக்கு ஊருக்கே அசனம் போடணும், எட்டு மூட்டை அரிசி களையணும், அண்டா கழுவணும், பேராயர் கார் வர்ற பாதையில மண்ணு பறக்காமத் தண்ணி தெளிக்கணும். முடிஞ்சதும் யாராவது திரும்பப் போட்டுருவாங்கன்னு எல்லாரும் நினைச்சோம். ஞாயிறு ஆராதனை இல்லாமலேயே பந்தக்கால் வேலையில போச்சு. உள்ளேயிருந்து சத்தமும் குறைஞ்சு போச்சு. பரவாயில்ல, அடங்கிட்டாங்கன்னு பேசிக்கிட்டோம்.

எட்டாம் நாள் பண்டிகை. கோயிலுக்கு உள்ள மராமத்து வேலைன்னு பேராயர்கிட்டச் சொல்லி, வெளியே பந்தல்லயே ஆராதனை வச்சோம். ஸ்பீக்கரைக் கோயில் பக்கமாத் திருப்பி வச்சோம். ஐநூறு பேர் இருந்தாங்க. ஒருத்தராவது கதவைத் திரும்பிப் பாக்கணுமே! எல்லாருக்கும் கழுத்து கல்லாப் போயிருந்துச்சு.

கனம் பண்ணுற நேரம் வந்துச்சு. அம்மாவுக்கு உடம்புக்கு முடியலன்னு சொல்லி, மேடையில ஒரு நாற்காலியைப் போட்டு, அண்ணாச்சி வாழ்த்துமடல் வாசிச்சாங்க. “நம் முன்னோரின் பெயர்களைக் கண்ணின் மணிபோல் காத்து வந்த...”ன்னு வாசிக்கையில அவங்க கோயில் கதவுக்கு முதுகைக் காட்டி நின்னதை நான் கேமரா வழியாப் பாத்தேன். பேராயர் பொன்னாடையை விரிச்சு நாற்காலி முதுகுல போர்த்துனார். எல்லாரும் கைதட்டுனோம். நான் அந்த நாற்காலியைப் படம் எடுத்தேன். கைதட்டு ஓஞ்சது, அடுத்த ஆள் மைக்குக்கு வர்றதுக்கு ரெண்டு நொடி ஆச்சு. அந்த ரெண்டு நொடியில ஜன்னல் வழியா அக்கா குரல் வந்துச்சு. குரலா அது, ஓட்டுத்துண்டைச் சுவத்துல சுரண்டுற மாதிரி இருந்துச்சு.

“கடைசி ஆளு. மரியம்மாள். வயசு இருபத்திரண்டு. அவளே சொல்லுதா, அன்னைக்குக் கதவைப் பூட்டுனது கோயில்பிள்ளை மாசிலாமணி, அவருக்கு இவ மூத்த சம்சாரம். கிங்ஸ்லி தம்பி, உங்க தாத்தாவுக்குத் தாத்தா அவரு. உங்க வீட்டு ஆளு. தண்ணி கொண்டாங்க.”

ஐநூறு பேரும் என்னைப் பாத்தாங்க. எங்க குடும்பத்துல மாசிலாமணியைத் தெரியும், பெரிய ஜெப வீரர்னு பேரு. அவருக்கு ஒரு மூத்த சம்சாரம் இருந்ததை ஒருத்தரும் சொன்னதில்ல. பூட்டுன கை எங்க ரத்தத்துலயே இருந்திருக்கு. புளோரா அசனப் பந்தல்ல இருந்து ஒரு குடத்தை நிறைச்சுக் கொண்டுவந்து என் இடுப்புல இடிச்சு வச்சா.

படியேறி யோபுகிட்டச் சாவியைக் கேட்டேன். “வேண்டாம்வே, ஊரே அழிஞ்சு போவும்வே”ன்னு அண்ணாச்சி மைக்கிலயே கத்துனாங்க. பாதிப் பந்தல் எந்திச்சிருச்சு. நான் திரும்பி, “காத்துல சாத்தல. தாழ்ப்பாளைப் போட்டது நான்”னேன். யோபு சாவியைக் கீழ போட்டுட்டு ஓடுனான். நான் அதை எடுத்துப் பூட்டையும் தாழ்ப்பாளையும் திறந்தேன்.

பெஞ்செல்லாம் காலி. கதவுக்கு நேர் பின்னால, தாழ்ப்பாள் இருக்க உயரத்துல கையை வச்சபடி ஒரு பொண்ணு நின்னா. எட்டு நாளா நான் எதுக்கு நடுங்குனேனோ, அது என் மகள் வயசுல இருந்துச்சு. உதடு வெடிச்சிருந்துச்சு. குடத்தை நீட்டுனேன். வாங்குனா, ஆனா குடிக்கல. திரும்பி நடந்தா. பலிபீடத்துப் படியில அக்கா கிடந்தாங்க, புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிப்போய். ரெண்டு நாளாச் சொட்டுத் தண்ணி இல்லாமக் கிடந்த உயிரு. மரியம்மாள் தரையில உக்காந்து, அக்கா தலையைத் தன் மடியில தூக்கி வச்சு, பிள்ளைக்குப் புகட்டுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாப் புகட்டுனா. அக்கா போதும்னதுக்கு அப்புறம்தான் மிச்சத்தைத் தான் குடிச்சா.

குடத்தை என் கையில கொடுத்துட்டு என்னைத் தாண்டி வெளிய போனா. பந்தல் நடுவுல நடந்தா. யாரும் ஓடல. ஆராதனைக்குப் பிந்தி வந்தவங்களுக்கு வழி விடுற மாதிரி, எல்லாரும் காலை மட்டும் உள்ள இழுத்துக்கிட்டாங்க. அசனப் பந்தலைத் தாண்டி, தேரிமணல்ல இறங்கி, பனைக்கூட்டத்துக்குள்ள போயிட்டா. அன்னைக்கும் சரி, அதுக்கப்புறமும் சரி, ஊர்ல ஒருத்தருக்கும் பேதி வரல. ஒண்ணு ரெண்டு பேருக்கு வயித்தால போனது அசனக் கறி கூடிப்போனதாலதான்.

நானும் புளோராவும் அக்காவைக் கைத்தாங்கலா வெளிய கொண்டுவந்தோம். அண்ணாச்சி பொன்னாடையை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. “அது அங்கயே கிடக்கட்டும் அண்ணாச்சி, நாற்காலிக்கு நல்லாத்தான் இருக்கு”ன்னாங்க அக்கா. ஒரு மேசையும் பேனாவும் கேட்டாங்க. பிரிச்ச பக்கத்தை விரிச்சு, பழைய எழுத்துக்குக் கீழ அன்னைக்குத் தேதியைப் போட்டு, மெதுவா எழுதுனாங்க, எழுத எழுத வாசிச்சாங்க. “கதவு மறுபடியும் பூட்டப்பட்டது. உள்ளே ஞானசிரோன்மணி. தண்ணீர் கேட்டாள். எட்டாம் நாள் திறந்தது.”

எழுதிட்டு நிமிந்தாங்க. “பூட்டினோம்னு எழுதுனவங்க, யார் யாருன்னு எழுதாம விட்டுட்டாங்க. அதான் பின்னால வந்தவங்க அதைப் பாக்க முடியாமத் தச்சுட்டாங்க. நான் அப்பிடி விட மாட்டேன். பேரைச் சொல்லுங்க. முழுப்பேரு.”

பேராயர் மெதுவாப் பக்கத்துல வந்தார். “அம்மா, இந்த மக்களை நீங்க மன்னிக்கணும்”னார்.

“மன்னிச்சாச்சு ஐயா. முதல் நாளே மன்னிச்சாச்சு. இது மன்னிப்பு இல்ல, பதிவு.”

நான் போய் முழுப்பேரைச் சொன்னேன், அப்பா பேரைச் சொன்னேன், தாழ்ப்பாளைப் போட்டதைச் சொன்னேன். அக்கா எழுதி, என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அடுத்து யோபு வந்தான், பூட்டுனதைச் சொன்னான். அப்புறம் அருமைநாயகம் எந்திச்சு வந்து, “ஓஸை எடுத்ததைப் பாத்தேன், சும்மா இருந்தேன்”னார். அதையும் எழுதுனாங்க. அவருக்குப் பின்னால அண்ணாச்சி வந்தாங்க, செயலாளர்னு போட வேண்டாம்னு கெஞ்சுனாங்க, அக்கா போட்டாங்க. வரிசை பந்தலைத் தாண்டித் தெரு வரைக்கும் நின்னுச்சு. அசனச் சோறு ஆறிப்போச்சு, ஒருத்தரும் சாப்பிடப் போகல. என் மகளுக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும், அது வளந்து என்னைக்காவது இந்தப் பக்கத்தை விரல் வச்சு வாசிக்கும், என் பேரு வந்ததும் விரலு நிக்கும்னு நினைச்சேன். பெஞ்சு நிறைய இருந்த செத்தவங்களைப் பாத்து நடுங்குன நடுக்கமெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல.

நூத்திப் பன்னெண்டு பேர் கையெழுத்துப் போட்டோம். மை காயட்டும்னு அக்கா புத்தகத்தை மூடாம வச்சிருந்தாங்க. அது வரைக்கும் நாங்களும் அங்கதான் நின்னோம்.